ஒரு ஜோடிக் கம்பி, நாற்பது சுவிட்ச்

கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கே.என்.எக்ஸ் போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். நாற்பது சுவிட்சுக்கும் ஒரே ஜோடிக் கம்பியில்தான் செய்தி போகுமாம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தட்டினால் குழம்பாதா? வீட்டுக் கருவிகளை ஒரே திரையிலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளோடு இதைச் சேர்க்க முடியுமா?"

கே.என்.எக்ஸ் என்பது விளக்கு, ஃபேன் போன்றவற்றைக் கம்பியில் செய்தி அனுப்பி இயக்க, ஐரோப்பாவில் வீடுகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் வளர்ந்த ஏற்பாடு. பச்சை உறை போட்ட கேபிளுக்குள் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி, சுமார் 30 வோல்ட் நேர்மின்சாரம், நொடிக்கு 9600 பிட் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1). இன்றைய வைஃபைக்கு முன் இது ஆமை வேகம். ஆனால் "விளக்கைப் போடு" என்பதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு செய்தி ஏறக்குறைய 20 மில்லிநொடியில் முடிந்துவிடும்.

இனி அந்த மோதல். பேசப்போகும் கருவி முதலில் கம்பி அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. இரண்டு கருவிகள் ஒன்றாகப் பார்த்து ஒன்றாகவே தொடங்கிவிட்டால்?

இங்கே 1 என்றால் சும்மா இருப்பது. 0 என்றால் மின்னழுத்தத்தைச் சில வோல்ட் கீழே இழுப்பது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுத்தால் போதும், இழுக்காதவர் கண்ணுக்கும் கயிறு தாழ்ந்துதான் தெரியும். இரண்டு கருவிகளும் ஒரே பிட்டை அனுப்பும்வரை ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவே தெரியாது. எங்கே பிட் மாறுகிறதோ, அங்கே 1 அனுப்பியவர் கம்பியில் 0-ஐப் பார்க்கிறார். "வேறு யாரோ பேசுகிறார்கள்" என்று அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்குகிறார். அந்தச் செய்தி முடிந்ததும் தன்னுடையதை முதலிலிருந்து அனுப்புகிறார். வென்றவருக்குப் போட்டி நடந்ததே தெரியாது. அவருடைய செய்தியில் ஒரு பிட்கூடச் சிதையவில்லை! செய்தியின் தொடக்கத்திலேயே முன்னுரிமை பிட்கள் வருவதால் எச்சரிக்கைச் செய்தி சாதாரணச் செய்தியை முந்திவிடும். அதிலும் சமமென்றால் அடுத்து வருவது அனுப்புநர் முகவரி. அது ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது, எனவே தீர்ப்பு நிச்சயம்.

ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோநொடிதான். இழுத்தது மறுமுனைக்குத் தெரியத் தாமதமானால் இந்த ஆட்டமே கெட்டுவிடும். இரண்டு கருவிகளுக்கு இடையே கேபிள் 700 மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி இதனால்தான்.

இணைப்பதற்கு வருவோம். சுவிட்சுக்கு விளக்கைத் தெரியாது. '1/2/7: ஆன்' என்று பொதுவில் கூவுகிறது, அந்தக் குழு முகவரிக்கு (பல கருவிகளுக்குப் பொதுவான முகவரி) காது கொடுத்திருக்கும் கருவிகள் எல்லாம் செயல்படுகின்றன. ஆகவே ஹோம் அசிஸ்டன்ட்டும் இந்தக் கம்பியை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு ஐ.பி. இடைமுகம் வழியாக இன்னொரு காதாக உட்கார்ந்துகொண்டால் போதும். ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கணினி படுத்துவிட்டாலும் ஹால் விளக்கு எரியும். இன்டர்நெட் போனால் ஃபேனும் நின்றுபோகிற 'ஸ்மார்ட்' சாமான்களைவிட இந்தக் கிழட்டுக் கம்பியை நான் நம்புவேன். வாஸ்துவுக்காகக் கதவையே இடித்து மாற்றுகிறவர்கள், சுவருக்குள் இந்தக் கேபிளுக்கு ஒரு குழாய் போடச் சொன்னால் வீண்செலவு என்கிறார்கள்!

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கம்பியில் ஓடுவது வெறும் பைட்கள். இது வெப்பநிலை, இது பிரகாசம் என்று அவற்றில் எழுதியிருக்காது. 25 டிகிரியைக் குறிக்கும் இரண்டு பைட்களைச் சாதாரண எண்ணாக வாசித்தால் திரையில் 3298 என்று வரும். எந்த முகவரியில் என்ன வகைத் தரவு என்ற விவரம் எலக்ட்ரீஷியன், கே.என்.எக்ஸ் கருவிகளை அமைக்கும் இ.டி.எஸ் மென்பொருளில் செய்த புராஜெக்ட் கோப்பில் இருக்கிறது. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பை, கடவுச்சொல் இருந்தால் அதையும், கேட்டு வாங்கிவிடுங்கள்.