காய்ச்சல் விட்ட பிறகும் நுரையீரலுக்குள் நடக்கும் வேலை

தண்டையார்பேட்டையில் நான் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு, காசிமேட்டில் வலை பின்னும் முதியவர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். நிமோனியாவுக்கான சிகிச்சை முடிந்து, காய்ச்சல் விட்டுப் பத்து நாள்கள் ஆகியிருந்தன, மூச்சிரைப்பும் தணிந்திருந்தது. ஆனால் புதிதாக எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி இன்னும் வெண்மையாகத் தெரிந்தது. “படத்துல அப்படியேதான் இருக்கு டாக்டர், இன்னொரு கோர்ஸ் மாத்திரை எழுதிக் குடுங்க” என்றார் மகள்.

நான் எழுதித் தரவில்லை. அந்த வெண்மை, இன்னும் துப்புரவாகாத அழற்சியின் மிச்சம். கிருமி அழிந்தவுடன், அதை எதிர்த்து உடல் மூட்டும் அழற்சி தானாக அணைந்துவிடும் என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் எண்ணியிருந்தது. உண்மையில், அழற்சியை முடித்து வைப்பது உடல் முனைந்து செய்யும் ஒரு தனி வேலை. அதற்கென்றே தனி மூலக்கூறுகளை அது தயாரிக்கிறது.

கிருமி நுழைந்ததும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தக் குழாய்களிலிருந்து காற்று நுண்ணறைகளுக்குள் பாய்கின்றன. அவற்றை அழைப்பவற்றுள் லூக்கோட்ரையீன் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள் முக்கியமானவை. சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள், லூக்கோட்ரையீன் உருவாகும் அதே கொழுப்பு அமிலத்திலிருந்து உடல் வேறொரு பொருளைச் செய்யத் தொடங்குகிறது: 1984இல் சார்லஸ் செர்ஹான், பெங்ட் சாமுவேல்சன் உள்ளிட்டோர் கண்டறிந்து பெயரிட்ட லைப்பாக்ஸின். பின்னர் 2000க்கும் 2009க்கும் இடையில் செர்ஹான் குழுவினர், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலங்களிலிருந்து உருவாகும் ரிசால்வின், ப்ரொடெக்டின், மாரெசின் ஆகியவற்றையும் அடுத்தடுத்து அடையாளம் கண்டனர். இவை புதிய நியூட்ரோஃபில்கள் வருவதைத் தடுக்கின்றன. வேலை முடிந்து மடிந்தவற்றை மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள் அகற்றத் தூண்டுகின்றன. மடிந்த அணுவை விழுங்கிய மேக்ரோஃபேஜ், அழற்சியை அடக்கும் பொருள்களைத் தானே சுரக்கத் தொடங்குவதுதான் இதில் என்னை இன்றும் வியக்க வைக்கும் பகுதி.

வலையில் சிக்கிய குப்பையை எடுக்காமல் கிழிசலை முடிய முடியாதல்லவா என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். மகளைவிட அவருக்கே உடனே விளங்கியது. வயதானவர்களிடமும் புகைப்பவர்களிடமும் எக்ஸ்ரே தெளிய ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த வெண்மைக்காக மட்டும் ஆன்டிபயாடிக்கை மீண்டும் தருவதால் துப்புரவு விரைவடையாது. மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகவே அது வழிவகுக்கும்.

இந்தத் துப்புரவைக் கெடுக்கும் பொருளாக நன்கு நிறுவப்பட்டது சிகரெட் புகை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள புகைப்பவர்களின் மேக்ரோஃபேஜ்கள், மடிந்த அணுக்களை விழுங்குவதில் பின்தங்குகின்றன. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களிடம் லைப்பாக்ஸின் குறைவாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தீப்பிடிக்கும் நாள்களிலும், எண்ணூர், மணலிப் பக்கம் காற்றில் நெடி ஏறும் நாள்களிலும், நிமோனியாவிலிருந்து தேறி வருபவர்களை வெளியே அதிகம் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். புதிய எரிச்சல் புதிய அழற்சியைத் தொடங்கிவைக்கும்.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். காசிமேட்டுக்கு வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 நிறைந்தவை. குழம்பில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மூலப்பொருளை ஊட்டுவது வேறு, நோயுற்ற நுரையீரல் அதை மருந்தாக மாற்றிக்கொள்வது வேறு. கடும் நுரையீரல் பாதிப்புக்குள்ளானவர்களுக்கு ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு, 272 பேரைச் சேர்த்திருந்த நிலையில், பயன் தெரியாததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது; அதன் முடிவுகள் 2011இல் வெளியாயின. லைப்பாக்ஸினும் ரிசால்வினும் நிமோனியாவுக்கான மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. காய்ச்சல் திரும்பினால், சளியில் இரத்தம் கண்டால், மூச்சு வாங்குவது கூடினால் அன்றே வர வேண்டும். இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ஆறு வாரம் கழித்தும் நிழல் கலையாமல் இருந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். அந்தப் பெரியவருக்கும் ஆறாம் வாரத்துக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்து, பீடியை நிறுத்தும்படி சொல்லி அனுப்பினேன்.