இன்டிஜர்: முழு எண்ணா, முழுவா?

நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் 'இன்ட்'. பின்னமில்லாத எண்ணைக் குறிக்கும் இன்டிஜர் என்பதன் சுருக்கம். லத்தீனில் அதற்குத் 'தொடப்படாதது' என்று பொருள், யாரும் கைவைக்காமல் அப்படியே இருப்பது. தமிழில் இதன் எதிர்ச்சொல்லைப் பாருங்கள்: பின்னம் என்றால் உடைந்தது, மூக்கு போன சிலையைப் பின்னமான சிலை என்கிறோமே, அதே பின்னம்தான். ஆக உடைந்ததற்குப் பின்னம், உடையாததற்கு முழு என்று ஜோடி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் பலர் இன்டிஜரை 'முழு எண்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் முழு எண்கள் என்றால் 0, 1, 2 என்று மேலே போகிறவை மட்டும். குறை எண்களும் சேர்ந்தால் அவை 'முழுக்கள்'. சி என்ற நிரல்மொழியின் இன்ட் குறை எண்ணையும் ஏற்கும், அதனால் அது முழு. குறை எண்ணை ஏற்காத அன்சைன்ட் இன்ட்தான் முழு எண்.

சரி, இந்த இன்ட் மேல் ஏன் இவ்வளவு பிடிப்பு? பழக்கம்தான். 1957இல் ஐபிஎம் 704 கணினிக்கு வந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் ஐ முதல் என் வரையுள்ள ஆறு எழுத்துகளில் தொடங்கும் மாறிப் பெயர்களெல்லாம் முழுக்களே. ஃபோர்ட்ரானைக் கண்ணால் பார்த்திராதவரும் இன்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் சுழற்சி எழுதும்போது விரல் தானாக ஐ, ஜே, கே என்று போகிறது (கணிதத்திலும் அந்த வழக்கம் உண்டு).

இந்தப் பிடிப்புக்கு விலையும் இருக்கிறது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) முழுவில் எண்ணும், யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய நிரல்களுக்கு 2147483647தான் எல்லை, 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பி, குறைப் பக்கம் தாவி, 1901ஆம் ஆண்டைக் காட்டக்கூடும். அதே 32 பிட்டில் முழு எண்ணாக வைத்திருந்தால் 2106 வரை தாங்கியிருக்கும், ஆனால் 1970க்கு முந்தைய நேரத்தைக் குறிக்க வழி இருந்திருக்காது. அப்புறம், தொலைபேசி எண்ணை இன்டில் போடும் வழக்கம். முன்னால் உள்ள சுழியம் காணாமல் போய்விடும். அதை யாரும் கூட்டப்போவதில்லை, பெருக்கப்போவதில்லை; இலக்கங்களால் ஆனது என்பதற்காக அது முழு ஆகிவிடாது, எழுத்துச்சரம்தான், அதாவது வரிசையாக நிற்கும் வெறும் எழுத்துகள்.

ஒருமையில் 'முழு' என்று தனியாக நிற்கும்போது முதலில் காதுக்கு மொட்டையாகத்தான் இருக்கும். 'இது முழுவா, பின்னமா?' என்று கேட்டுப் பாருங்கள், அந்த நெருடல் போய்விடும்.