அனுப்பியது விற்றதல்ல: தனித்து இயங்கும் கலைஞரும் சிறு பதிப்பாளரும் காலாண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டியவை

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஒரே ஆள் மூன்று வேலை பார்ப்பது சாதாரணம். பகலில் பள்ளி ஆண்டு மலருக்கும் கோயில் கொடை நோட்டீசுக்கும் லே-அவுட், இரவில் சொந்தப் பதிப்பகத்தின் மெய்ப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்சல் கட்டு. இப்படி உழைப்பவர்கள் இலக்கு எழுதாமல் இருப்பதில்லை. "இந்த வருஷம் மூன்று புத்தகம், ஆயிரம் பிரதி, ஆர்டர் வேலையில் மாதம் நாற்பதாயிரம்" என்று டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறார்கள். அதை மறுபடி எடுத்துப் பார்க்கும்போதுதான் தடுமாற்றம். மனக்கணக்குப் போட்டு, "பரவாயில்லாம போவுது" என்று மூடிவிடுகிறார்கள். கணக்கு எழுத உட்காரும் நாளில் அந்தப் "பரவாயில்லை"யைப் பிரித்தால், கடைகளில் கிடக்கும் பிரதிகளும் வராத பில்களும் பாதியில் நிற்கும் கையெழுத்துப் படிகளும் வெளியே வருகின்றன.

முதலில் விற்பனை. இங்கேதான் ஏமாற்றம் அதிகம்.

160 பக்க டெம்மி அளவு (ஏறத்தாழ 5.5 × 8.5 அங்குலம்) நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 500 பிரதி, விலை 200 ரூபாய். லே-அவுட், மெய்ப்பு, அட்டைக்கு 15,000. காகிதம், அச்சு, பைண்டிங்குக்கு 35,000. ஆக 50,000, பிரதிக்கு 100. உங்கள் அச்சகத்தின் விலை வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை இதுதான். கடைக்கு 35 சதவீதம் கழிவு போனால் 130 ரூபாய் நிற்கும். அட்டை விலையில் 10 சதவீத ராயல்டி 20, பார்சல் 10. மிஞ்சுவது 100. அதாவது கடை வழியாக மட்டும் விற்றால் ஐந்நூறாவது பிரதி போகும்வரை போட்ட முதல் திரும்பாது. அதே நூலை நேரடியாக, 10 சதவீதத் தள்ளுபடியில் விற்றால், தபால் செலவு வாங்குபவருடையது என்றால், ராயல்டி போக 160 நிற்கும். 200 பிரதி நேரடியாகப் போனால் 32,000 வந்துவிடும். மீதி 18,000க்குக் கடையில் 180 பிரதி போதும். 380இல் முதல் எடுத்தாகிவிட்டது. ஆகவே இந்த நூலுக்கு எழுத வேண்டிய இலக்கு "500 விற்பனை" அல்ல. "200 நேர் விற்பனை". முதல் இலக்கு கடைக்காரர் கையில், இரண்டாவது உங்கள் கையில். நேர் விற்பனையைப் புத்தகக் காட்சி அரங்கில் செய்கிறீர்கள் என்றால் அரங்க வாடகையையும் போக்குவரத்தையும் அந்த 160இலிருந்து கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

இனி ஆறு மாதம் கழித்து அந்த நூலின் நிலையைப் பார்ப்போம். ஆசிரியர் படி, மதிப்புரைப் படி, நூலகப் படி என்று 50 போயிற்று. பைண்டிங் விட்டவை, மூலை மடங்கியவை 6. கடைகளுக்கு அனுப்பியது 260. நேரடியாக விற்றது 74. நோட்டுக் கணக்கில் கையிருப்பு 110 இருக்க வேண்டும். அறையில் எண்ணினால் 104. இந்த ஆறு பிரதி எங்கே போயிற்று என்று தேடுவதிலிருந்தே பரிசீலனை தொடங்குகிறது. பெரும்பாலும் சலான் எழுதாமல் "இத கொஞ்சம் வெச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று ஏதோ ஒரு கடையில் கொடுத்ததாக இருக்கும்.

கடைகளைக் கேட்டால் 260இல் 118 விற்றதாகச் சொல்கிறார்கள். பணம் வந்திருப்பது 70 பிரதிக்கு. மனக்கணக்கில் 260உம் 74உம் சேர்ந்து "334 போயிற்று". உண்மையில் விற்றது 192, பணமானது 144. நேர் விற்பனையில் 13,320, கடை வழியாக 9,100, மொத்தம் 22,420 ரூபாய். இதில் 192 பிரதிக்கு ஆசிரியருக்குத் தர வேண்டிய ராயல்டி 3,840, பார்சலுக்குப் போனது 2,600. மிச்சம் 15,980. போட்டது 50,000. இந்த நிலையில் "334 போயிற்று" என்ற தெம்பில் இரண்டாம் அச்சுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு. அனுப்பியதை விற்றதாக எழுதும் பழக்கம் ஒன்றே ஒரு சிறு பதிப்பகத்தை முடக்கப் போதுமானது.

அதனால் ஒவ்வொரு நூலுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி அச்சிட்டது, கொடுத்தது, அனுப்பியது, விற்றது, பணமானது, திரும்பி வந்தது, அறையில் இருப்பது என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். விற்றபின் பணம் என்ற பேச்சில் கொடுக்கும் ஒவ்வொரு கட்டுக்கும் எண் போட்ட சலான் இரண்டு படி வேண்டும். கடைக்காரர் கையெழுத்துப் போட்டது உங்களிடம் இருக்கட்டும். சலானிலேயே "90 நாளில் கணக்கு" என்று எழுதிவிடுங்கள். திருவனந்தபுரத்துக் கடை என்றால் பஸ்ஸில் கட்டை ஏற்றிவிட்டுப் போனில் சொல்வதோடு நிற்காமல், சலானைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "கிட்டி" (கிடைத்தது) என்ற பதிலையாவது வாங்கி வையுங்கள். எல்லை தாண்டிப் போய்க் கணக்குக் கேட்க ஒரு நாள் போகும். அந்த நாளுக்கும் விலை உண்டு.

நூலகப் படி என்றதும் ஒரு சொல். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் படி அனுப்ப வேண்டும். இலவசப் படிகளில் நான்கை முதலிலேயே இதற்கு ஒதுக்கிவிடுங்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வரும் என்று எதிர்பார்த்து அச்சு எண்ணிக்கையைக் கூட்டுவதோ, அந்தத் தொகையை இலக்கில் சேர்ப்பதோ வேண்டாம். வந்தால் வரவு; வரும்வரை அது எண் அல்ல.

எப்போது எண்ணுவது

மாதாமாதம் முழுக் கணக்கு எடுப்பது சிறு ஆளுக்கு நடக்காது. மூன்றாவது மாதத்தில் விட்டுப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் திருத்த நேரம் இருக்காது. வருமான வரியை ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் முன்வரித் தேதிகள் ஏற்கெனவே நாட்காட்டியில் இருக்கின்றன: ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டும் என்றால் அந்தத் தேதிகளுக்குள் முறையே 15, 45, 75, 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். உத்தேச லாப முறையில் (வரவில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் கொள்வது) கணக்குக் காட்டுகிறவர்களுக்கு மார்ச் 15க்குள் முழுவதும். எப்படியும் வருமானத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டிய நாள். ஒரு வாரம் முன்னதாக உட்கார்ந்தால் இலக்குப் பரிசீலனையும் அதோடு முடியும்.

அன்றே இன்னொரு கூட்டலும் போடுங்கள். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் பலரும் புத்தக விற்பனையை ஜிஎஸ்டி வரம்பில் சேர்ப்பதில்லை. அது தவறு. டிசைன் போன்ற சேவையும் செய்கிறவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அதை எண்ணும்போது வரிவிலக்குள்ள விற்பனையும், கேரளத்தில் செய்ததும் சேரும். டிசைன் 14 லட்சம், புத்தகம் 7 லட்சம் என்றால் வரம்பு தாண்டியாயிற்று. புத்தகம் மட்டுமே விற்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அச்சகம் போடும் ஜிஎஸ்டியை அவர் வரவாகத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அது அடக்க விலையில்தான் சேரும்.

நம் பக்கத்தில் ஆண்டு ஒரே சீராக ஓடுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலண்டர், கிறிஸ்துமஸ் வாழ்த்து, சபை மலர் என்று ஆர்டர் வேலை குவியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. கேரளச் சட்டமன்ற வளாகத்தில் 2023இல் தொடங்கிய புத்தக விழாவும் அண்மை ஆண்டுகளில் ஜனவரியிலேயே நடக்கிறது. அதாவது காசு வரும் வேலையும், சொந்த நூலை முடிக்க வேண்டிய கெடுவும் ஒரே மூன்று மாதத்தில் மோதுகின்றன. டிசம்பரில் அச்சகங்கள் நிரம்பி வழியும். ஜனவரி நூலின் இறுதிக் கோப்பு நவம்பர் கடைசிக்குள் அச்சகத்தில் இருக்க வேண்டும். அப்படியென்றால் செப்டம்பர் பரிசீலனையில் முதல் மெய்ப்பு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையா, அந்த நூலை அப்போதே ஏப்ரலுக்குத் தள்ளிவிடுங்கள். செப்டம்பரில் தள்ளினால் அது முடிவு. டிசம்பர் 20இல் தள்ளினால் அட்வான்சும் பெயரும் போகும்.

"எண்பது சதவீதம் முடிஞ்சுது"

இந்தச் சொல்லை நம்பாதீர்கள், உங்கள் வாயிலிருந்து வந்தாலும். நூல் வேலையை ஃபாரத்தில் எண்ணுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கம் பத்து ஃபாரம். எத்தனை ஃபாரத்துக்கு முதல் மெய்ப்பு, எத்தனைக்கு இரண்டாம் மெய்ப்பு, எத்தனைக்கு ஆசிரியர் ஒப்பம் ஆயிற்று என்று கேட்டால் பதில் எண்ணாக வரும். ஒப்பம் ஆகாதது முடிந்ததல்ல.

தமிழ் நூலில் நாள் தவறுவதற்கு ஒரு தொழில் காரணம் அடிக்கடி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மூத்த ஆசிரியர்கள் பலரும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் தருகிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், 'ஸ்ரீ' உடையும், இடையில் வரும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் அர்த்தமில்லாத தமிழாக மாறி நிற்கும். திரையில் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும் பக்கத்தைத் தாளில் எடுத்துப் படித்தால் வரிக்கு ஒன்று கிடைக்கும். எழுத்துரு மாற்றம் உள்ள நூலுக்குக் கூடுதலாக ஒரு மெய்ப்பு, ஃபாரத்துக்கு ஒரு நாள் வீதம் பத்து நாள், திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

தவறிய ஒவ்வொரு இலக்கின் எதிரிலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: வேலை யாருக்காக நின்றது? ஆசிரியரின் திருத்தத்துக்கா, அச்சகத்துக்கா, கடைக்காரரின் பணத்துக்கா, உங்களுக்கா? "நேரமில்லை" என்று எழுதாதீர்கள். அதில் செய்ய எதுவும் இல்லை. "அட்டைக்காக நின்றது, அட்டை நானே போட வேண்டியது, இரண்டு மாதம் தொடவில்லை" என்று எழுதினால், அடுத்த அட்டையை வெளியே கொடுத்து வாங்குவதா என்று யோசிக்க முடியும். இதற்காக ஒரு வாரம் மட்டும், காலாண்டுக்கு ஒருமுறை, ஆர்டர் வேலை, சொந்த நூல், பார்சலும் வசூலும் என்று மூன்றாகப் பிரித்து மணிக்கணக்கு எழுதி வாருங்கள். வருஷம் முழுவதும் எழுத வேண்டியதில்லை.

வசூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்டர் வேலையில் நிலுவையை வயது பார்த்து அடுக்குங்கள்: 15 நாளுக்குள், 45 நாளுக்குள், அதைத் தாண்டியது. இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிந்த குறுந்தொழிலருக்கு, ஒப்பந்தம் எழுதாதபோது 15 நாளிலும் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வணிகக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் கெடுவுக்குள் தராவிட்டால், தரும் ஆண்டுவரை அவரும் அதைச் செலவாகக் கழிக்க முடியாது; இதைப் பணிவாக நினைவூட்டினாலே பல பில்கள் நகரும். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்து, பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். டிடிஎஸ் (வாடிக்கையாளர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத் தந்திருந்தால் வங்கிக்கு வந்த தொகையை அல்ல, பில் தொகையை வருமானமாக எழுதி, பிடித்தம் வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள்.

உரிமைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை புரட்டுங்கள். எல்லைப் பக்கத்தில் மலையாள மொழிபெயர்ப்பு பேச்சளவில் முடிந்துவிடுகிறது. பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த தாளில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், தாளில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதி. உங்களிடம் சும்மா கிடக்கும் உரிமையும், நீங்கள் கொடுத்துவிட்டு மறந்த உரிமையும் இலக்குப் பட்டியலில் இருக்க வேண்டியவை.

தபாலில் நேர் விற்பனை கூட்ட நினைப்பவர்கள் எடையைப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் தாளில் 160 பக்க டெம்மி நூல் அட்டையோடு சுமார் 210 கிராம். உறையோடு 300க்குள் அடங்கும். அஞ்சல் துறை நூல்களுக்காக 2025 மே 1 முதல் நடத்தும் கியான் போஸ்ட்டில் 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எந்த வகை நூலை ஏற்பார்கள் என்பதற்கு விதி உண்டு. நூலில் பதிப்பாளர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். கவுண்டரில் ஒரு மாதிரிப் பிரதியைக் காட்டிக் கேட்டுவிட்டு விலை அறிவியுங்கள்.

கடைசியாக மார்ச் 31 எண்ணிக்கை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தரையோடு அடுக்கிய கட்டில் அடிப்பிரதிகள் ஈரம் இழுத்து அலைபோல் நெளியும், அட்டையின் உள்பக்கம் புள்ளி விழும், தைக்காமல் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகுப் பசை விடும். மேல் பிரதியைப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதாமல், கட்டைப் பிரித்து அடியிலிருந்து எண்ணுங்கள். முழுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு விற்காத பிரதிகளின் அடக்கம் அந்த ஆண்டின் செலவாகாது, இருப்பாகவே நிற்கும். அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதுதான் இருப்பின் மதிப்பு. ஈரம் பட்டவற்றைத் தனிக் கட்டாகக் கட்டி, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டோடு படம் எடுத்து, பாதி விலைக்கா பழைய தாளுக்கா என்று அன்றே எழுதிவிடுங்கள். மீதிக் கட்டுகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பலகைமேல் ஏற்றி வைத்த பிறகு, ஜூன் எண்ணிக்கைக்கான புதுப் பக்கத்தில் முதல் வரியாக அந்த இருப்பை எழுதுங்கள்.