ஒரு நாளில் ஒரே ஊர் போதும்

போனில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: “ஒரே நாள்ல எத்தனை ஸ்பாட் காட்டுவீங்க?” ஒரு குகை, ஒரு ஊர் என்பேன். அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொருத்தர் ரெண்டு குகை, மூணு ட்ரைபல் வில்லேஜ், லஞ்ச், டான்ஸ் எல்லாம் சேத்துத் தர்றேங்கிறாரே சார்” என்பார்கள்.

கோத்தகிரியில் பதினெட்டு வருடமாக வழிகாட்டி வேலை பார்க்கிறேன். அந்தப் பேக்கேஜ் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினாலும் கீழ்க்கோத்தகிரி தாண்டி ஜீப் நிற்கும் இடம் வரும்போது எட்டரை. அங்கிருந்து வரைக்கு, அதாவது குகை இருக்கிற செங்குத்துப் பாறைக்கு, நடை ஒன்றரை மணி நேரம். குகையில் ஒரு மணி, திரும்பி நடக்க இன்னொரு ஒன்றரை மணி. மதியம் ஒன்றாகிவிடும். மூன்று மணிக்கு மேல் மஞ்சு இறங்கும்; நான்கு மணிக்கு மேல் அந்தச் சரிவுகள் யானைகளுக்கும் கரடிகளுக்கும். மிச்சம் இருப்பது ஒரு ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசுகிற நேரம்தான். மூன்று ஊர் காட்டுகிறேன் என்பவர் நடையை ஓட்டமாக்குகிறார், இல்லையென்றால் இருட்டிய பிறகு உங்களைக் காட்டில் வைத்திருக்கிறார். எதுவானாலும் ஊருக்குள் கேட்காமல்தான் நுழைகிறார்.

முதலில் குகையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். குகை என்றதும் பலர் மனதில் வருவது ஆந்திராவின் போரா, பேலம் போன்றவை. அவை சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டானவை. நீலகிரியும் பழனி மலையும் சார்னோகைட் என்னும் கடினமான பாறை. தண்ணீரில் அது அப்படிக் கரையாது; விரிசல் விட்டுப் பிளக்கும், உருண்டு ஒன்றின் மேல் ஒன்று சாயும். நாம் குகை என்பது அந்தப் பிளவையும் சாய்ந்த பாறைகளின் அடியையும்தான். உள்ளே தரை இருக்கும் என்று நம்பி வைக்கிற காலின் கீழ் சருகும் வேரும் மட்டும் இருக்கலாம். கொடைக்கானலில் குணா குகை என்று எல்லோரும் சொல்லும் இடம் இந்த வகைதான்: தூண் பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் பிளவு. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அதில் விழுந்ததும், நண்பர் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன் விழுந்தவர்கள் திரும்பவில்லை. வேலி போட்டிருப்பது அதனால்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரோடு அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்து வரைகளில் உள்ளே நுழைவதற்கு முன் எப்போதும் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போவார். என்னோடு வருகிற இருளர் அண்ணன் டார்ச்சை எடுப்பதற்கு முன் வாயிலில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். முதலில் சிலந்தி வலை. இடுப்பு உயரத்தில் குறுக்கே கட்டிய வலை அறுபடாமல் பனித்துளியோடு இருந்தால், நேற்று இரவிலிருந்து பெரிதாக எதுவும் போய்வரவில்லை என்று அர்த்தம். பிறகு தரை மண்ணை ஒரு பிடி அள்ளி முகர்வார். கரடி தங்கும் இடத்துக்கு ஒரு நெடி உண்டு. எச்சத்தில் உண்ணிப் பழக் கொட்டை, கறையான் ஓடு தெரிகிறதா என்று குச்சியால் கிளறுவார். குளிர் மாதங்களில் கரடி குட்டி போட்டு இப்படிப்பட்ட பாறை இடுக்கில்தான் வைத்திருக்கும். குட்டியோடு இருக்கும் கரடி ஓடாது, பாயும். இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் “சார், போலாமா?” என்று மூன்று முறை கேட்காத குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை.

வௌவால் எச்சம் காய்ந்து தூளாகக் கிடக்கும் குகையில் அந்தத் தூளை மிதித்துக் கிளப்பினால் பூஞ்சை நுரையீரலுக்குப் போகும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் வெளியிலேயே இருக்கட்டும், மற்றவர்கள் மாஸ்க் போடட்டும். செல்போன் வெளிச்சம் டார்ச் ஆகாது. ஒருவர் எப்போதும் வாயிலிலேயே நிற்க வேண்டும். கையை ஊன்றித் திரும்ப ஏற முடியாத இடத்தில் இறங்கக் கூடாது. இவ்வளவுதான் விதி, இதை மீறாமல் இருந்தால் போதும்.

தேனீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த நான்காவது வருடம், ஒரு ஏப்ரல் மாதம். பதினான்கு பேர், அட்வான்ஸ் வாங்கியாயிற்று. முந்தின நாள் ஊர்ப் பெரியவரிடம் சொல்லப் போனேன். “வரையில இன்னும் தேன் எடுக்கல தம்பி. இப்ப வேண்டாம், தேன் எடுத்ததும் சொல்லி அனுப்புறேன்” என்றார். மரியாதைக்குச் சொல்கிறார், நாம் வரை வாயிலோடு திரும்பிவிட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த நாள் கூட்டிப்போனேன். மேலே பாறை விளிம்பில் ஆறு அடை தொங்கியது. மலைத்தேனீ அடை ஒவ்வொன்றும் முறம் அளவுக்கு மேல் இருக்கும். அதன் மேல் ஈக்கள் அலையடிப்பதைக் கீழிருந்தே பார்க்கலாம். வியர்வை நாற்றம் என்று குழுவில் ஒருவர் பையிலிருந்து பாடி ஸ்ப்ரேயை எடுத்து அடித்துக்கொண்டார். அதைக் கொண்டு வரக் கூடாது என்று நான் சொல்லியிருக்கவில்லை.

சத்தம் முதலில் தூரத்து மழைபோலத்தான் கேட்டது. அவருக்கு நாற்பது கொட்டுக்கு மேல், எனக்குப் பதினொன்று. ஸ்ப்ரே அடித்தவருக்கு உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஊரிலிருந்து நான்கு பையன்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறி வந்து, அதே கம்பளியில் அவரைக் கிடத்தி ஒரு மணி நேரம் சுமந்து ஜீப்புக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தார். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு முகமெல்லாம் கொட்டு. பெரியவர் என்னைத் திட்டவில்லை. “நான் சொன்னேனே தம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்த ஊரில் யார் “வேண்டாம்” என்றாலும் நான் காரணம் கேட்பதில்லை.

அவர் சொன்னதற்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. தேன் எடுக்கப் போகிறவர் பல நாள் விரதம் இருப்பார். கொடிக் கயிற்றில் வரை விளிம்பிலிருந்து இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால். தேனீக்களைப் பார்த்துப் பாடிக்கொண்டே எடுப்பார்கள். அதற்கு முன் யாரோ நாலு பேர் போய்க் கூட்டைக் கலைத்துவிட்டால், அடுத்துக் கயிற்றில் இறங்குகிறவரைத்தான் அது கொட்டும்.

எப்படியும் மாட்டிக்கொண்டால்: கையை வீசி அடிக்காதீர்கள், நசுங்கிய ஈயின் வாசம் மற்றவற்றைக் கூப்பிடும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வரையை விட்டு அடர்ந்த புதருக்குள் விலகிப் போய்க்கொண்டே இருங்கள். ஓடைத் தண்ணீரில் குதிப்பது உதவாது, தலை தூக்கும்வரை மேலேயே சுற்றும். கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். மூச்சு இரைப்பு, உதடு வீக்கம், தலைசுற்றல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று காலையிலேயே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சில வரைகளில் பழைய ஓவியங்கள் உண்டு. வெள்ளரிக்கொம்பையில் இருப்பதைக் குறும்பர்கள் தங்கள் முன்னோர் எழுதியது என்கிறார்கள். வேங்கை மரத்துப் பாலும் மண்ணும் கொண்டு வரைகிற கை இன்றும் அவர்களிடம் இருக்கிறது. கரிக்கியூர் பக்கத்துப் பொறிவரையில் செந்நிறத்திலும் வெள்ளையிலும் மாடுகளும் மனிதர்களும் இருக்கிறார்கள். வந்தவர்கள் பெயர் கிறுக்கியும் சுரண்டியும் அங்கே நிறையப் பாழாகிவிட்டது, செய்தித்தாளிலும் வந்தது. கிறுக்குவது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. படத்தில் நிறம் பளிச்சென்று வரும் என்று பாட்டில் தண்ணீரை ஓவியத்தின் மேல் தெளிப்பார்கள். நல்ல படித்தவர்கள், கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் மாட்டின் கொம்பு சிவந்து தெரியும். தண்ணீர் காயும்போது பாறைக்குள்ளிருக்கும் உப்பை மேலே இழுத்து வந்து நிறத்தின் மேல் வெள்ளைப் படலமாக விட்டுவிட்டுப் போகும். நாலு பேர் நாலு வருடம் தெளித்தால் கொம்பு இருக்காது. கையால் தொடுவதும் அப்படித்தான். நான் குழுவில் தண்ணீர்ப் பாட்டில்களை வரைக்கு இருபது அடி முன்னாலேயே ஒரு பாறையில் வைத்துவிட்டு வரச் சொல்கிறேன்.

இனி ஊர்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு பிரிவினரும் நீலகிரியில் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருக்கும் ஆறு வழக்கம். தோடரின் ஊரான மந்தில் அரைவட்டக் கூரையோடு நிற்பது வீடு என்று நினைத்துப் பலர் தொடப் போகிறார்கள்; அது பால் கோயிலாக இருக்கலாம், அதன் எல்லைக்குள் தோடப் பெண்களே போவதில்லை. கோத்தர்களுக்கு மொத்தமே ஏழு ஊர்கள், கோக்கால் என்பார்கள். அய்யனோர் அம்மனோர் விழா நடக்கும் குளிர்கால நாட்களில் அவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள். குறும்பர் ஊரின் பெயர் கொம்பை என்று முடிந்தால், அங்கே வழி கேட்டுப் போக வேண்டியது ஊர்ப் பெரியவரிடம். இதையெல்லாம் பொதுவாக ‘ட்ரைபல் வில்லேஜ்’ என்று ஒரே பெயரில் விற்கும்போது வருகிறவருக்கு எங்கே எதைத் தொடக் கூடாது என்பதே தெரியாமல் போகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு இருளர் ஊரில் நானே பார்த்தது. ஒரு பாட்டி இறந்துவிட்டார். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன், வேலையாக அல்ல. இருளர் சாவில் இரவெல்லாம் பறையும் குழலும் உண்டு. வட்டமாக ஆடித்தான் அனுப்புவார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு வேறு ஒருவரின் இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. சத்தத்தைக் கேட்டதும் வந்தவர்களுக்குச் சந்தோஷம், சொன்னபடி டான்ஸ் ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று. நான்கைந்து பேர் வட்டத்துக்குள் புகுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண் செல்பி ஸ்டிக்கை உயர்த்திப் பிடித்திருந்தார். குழல் ஊதியவர் ஊதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாட்டியை வழியனுப்புவது பாதியில் நின்றுவிடும். இறந்தவரின் மகள் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய் அந்தப் பெண்ணிடம் “அக்கா, இது சாவு வீடு” என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அந்த ஜீப்புகள் கிளம்பியே இருக்காது.

“இவங்க ட்ரைபல் மாதிரியே இல்லையே” என்று ஊருக்குள் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்பவர்களும் உண்டு. அப்படி ஒருவர் சொன்னபோது பக்கத்தில் குழாயடியில் நின்றிருந்த பெண் நர்ஸிங் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். சொன்னவர், அவளுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுப்பதும் வேண்டாம். தொடக்கத்தில் நானும் கொடுத்தவன்தான். ஜீப் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வேலி வரை ஓடி வந்து கை நீட்டிய அன்று, அவர்களின் டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன். கொடுக்க நினைத்தால் தேனை ஊரிலேயே பேரம் பேசாமல் வாங்குங்கள். சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு போகிறது என்று ஏற்பாட்டாளரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

அனுமதி விஷயத்தில் சமரசமே கிடையாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். அதே வருடம் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைத்தால் குற்றம், அழைத்துப் போனவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாக ஆன்லைனில் பதிவு செய்யலாம். கரிக்கியூரிலிருந்து ரங்கசாமி மலை ஏறும் பாதையும் அதில் உண்டு. மலையூர்ப் பிள்ளைகளே வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், அப்போது “எனக்கு ரேஞ்சரைத் தெரியும்” என்பவரை நம்பிப் போகாதீர்கள்.

இந்த வருடம் நான் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தேன் எடுத்து முடிந்தது என்று ஊரிலிருந்து தகவல் வந்த பிறகுதான் தேதி சொல்வேன். தேதி சொன்ன பிறகும் முந்தின நாள் மாலை ஊரில் “வேண்டாம்” என்றால் முன்பணம் முழுசாகத் திரும்ப வரும். ஸ்ப்ரே, சென்ட் வேண்டாம், வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள ஷூ. மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும். களி சாப்பிட மாட்டேன் என்பவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ஊரில் சமைக்கிற அக்கா காலையிலேயே தலைக்கு ஒரு உருண்டை என்று கணக்குப் பண்ணி மாவு எடுத்து வைத்துவிடுவார்.