பத்தாம் நாளில் முடிவெடுக்க வேண்டாம்

கீமோ மருந்து ஏறிய நாளைத் தினசரி காலண்டரில் 1 என்று எழுதுங்கள். மறுநாள் 2. அடுத்த கீமோ வரை இப்படியே எண்ணிக்கொண்டு போங்கள். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் போட்டாலும் சரி, எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் போட்டாலும் சரி, எந்தத் தொல்லை எப்போது வரும், எப்போது அடங்கும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது இந்த எண்தான்.

பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் கொல்கின்றன. புற்றுச் செல் அப்படிப் பெருகுவது. ஆனால் எலும்பு மஜ்ஜையும், வாய், குடல் ஆகியவற்றின் உள்தோலும், முடி வேரும் அப்படியேதான் பெருகுகின்றன. அடி எல்லாவற்றுக்கும் விழும். நல்ல செல்கள் சீக்கிரம் தேறிவிடும் என்ற கணக்கில்தான் பல மருந்துகளுக்கு 21 நாள் இடைவெளி விடுகிறார்கள். வாராவாரம் போடும் மருந்துக்குக் கணக்கு வேறு. அதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் 24 மணி நேர வாந்திக்குக் காரணம், குடல் சுவரிலிருந்து கொட்டும் செரோடோனின் என்ற வேதிப்பொருள். ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து அதைத் தடுக்கும். 2 முதல் 5 நாள் வரை வரும் குமட்டல் வேறு வழியில், மூளையில் கிளம்புவது. அதற்கு ஒண்டான்செட்ரான் மட்டும் போதாது. டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின் ஆகியவற்றில் தேவையானதைச் சேர்ப்பார்கள். முதல் கீமோவில் நன்றாக வாந்தி எடுத்தவர் அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடுத்த முறை வாந்திக்கான மருந்தைக் கூட்ட முடியும். விட்டுவிட்டால் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே ஓங்கரிப்பு வரும் அளவுக்கு உடம்பு அதைப் பழகிக்கொள்ளும். மாத்திரையைக் குமட்டல் வந்தபின் தேடாமல் நேரம் பார்த்துப் போடுங்கள். ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும். டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் அந்த நாட்களில் தினமும் சர்க்கரை பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வாக்கில் வாய் புண்ணாகத் தொடங்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கலாம். கலவையைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். வெற்றிலை பாக்கு கூடவே கூடாது. புளிமுளமும் மிளகாய் அரைத்த மீன்கறியும் புண் ஆறும்வரை காத்திருக்கட்டும். அதற்காக மீனையே நிறுத்திவிட வேண்டாம், உடம்புக்குப் புரதம் வேண்டும். சாளையையோ நெத்திலியையோ தேங்காய்ப்பாலில் காரமில்லாமல் வேகவைத்து, குழைந்த கஞ்சியோடு கொடுங்கள். நேற்றைய மீன்கறிக்குத்தான் ருசி என்பது நம்மூர் வழக்கம். இந்த மூன்று வாரமும் அன்றன்று சமைத்ததே நல்லது. பழஞ்சியும் வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தான நாட்கள் 7 முதல் 14 வரை. ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ஒரு நாள் அளவுக்கே அங்கே நிற்கும். மஜ்ஜையிலிருந்து புதிது வராவிட்டால் கிடங்கு காலியாகிவிடும். ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்குக் கீழே போனால், குடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்து ஆளைச் சாய்த்துவிடும். சீழோ வீக்கமோ தெரியாது, ஏனென்றால் சீழை உண்டாக்குவதே அந்த வெள்ளையணுதான். காய்ச்சல் ஒன்றே அடையாளம்.

ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் காய்ச்சல் என்றால் மழைக்காய்ச்சல் என்று எண்ணி ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுப்பது சகஜம். கீமோ எடுப்பவருக்கு அது பொல்லாத தவறு. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே ஓடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்து, உடம்பு சுட்டால் முதலில் அளந்து பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடு இரவானாலும் கிளம்ப வேண்டியதுதான். பேச்சிப்பாறைப் பக்கத்து மலையோர வீடு என்றால், எந்த நேரத்திலும் கூப்பிட்டால் வரக்கூடிய வண்டியை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: “கீமோ போட்டு பத்து நாள் ஆகுது, காய்ச்சல்.” ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

கை, கால் நரம்பு விஷயம் வேறு. பேக்ளிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் தரும் மரப்பு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா என்று பாருங்கள். தெரிந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம் என்பதால் தாமதித்துச் சொல்வது கைகொடுக்காது. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை உள்ளங்கை, உள்ளங்காலைச் சிவக்க வைத்து உரிக்கும். ரப்பர் வெட்டுபவருக்கும் வலை இழுப்பவருக்கும் உராய்வால் அது இன்னும் மோசமாகும். நடக்கவோ பிடிக்கவோ முடியாத வலி வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் பேச வேண்டும். ஆறியபின் குறைந்த அளவில் தொடரலாம்.

“போதும், இனி வேண்டாம்” என்ற பேச்சு பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் எழும். உடம்பு தரைதட்டி நிற்கும் நேரம் அது. அந்தச் சொல்லை மதியுங்கள், ஆனால் முடிவை 18-ஆம் நாளுக்குத் தள்ளுங்கள். தேறிய உடம்போடும் அதையே சொன்னால் அது உறுதியான சொல்.

தொடர்வது, விடுவது என்று இரண்டே வழி என நினைத்துக்கொள்வதால்தான் பலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். நடுவே பல படிகள் உண்டு: ஒரு வாரம் தள்ளிப்போடுவது, அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, வெள்ளையணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போடுவது. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றில், அறுவைக்குப் பின் ஆறு மாதம் கொடுத்துவந்த ஆக்ஸாலிபிளாட்டின், கேப்சிடபின் கூட்டு மருந்து, நோய் திரும்பும் ஆபத்து குறைந்தவர்களுக்கு மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நரம்புப் பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது.

எந்தப் படி பொருந்தும் என்பது கீமோவின் நோக்கத்தைப் பொறுத்தது. “இது குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா?” என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். குணமாக்கவென்றால், நிணநீர்ப் புற்று போன்றவற்றில் அளவைக் குறைப்பது பலனையும் குறைக்கலாம். கூடியமட்டும் பக்கவிளைவை அடக்கித் தொடர்வதே எங்கள் பரிந்துரை. பரவிவிட்ட நோயைக் கட்டுப்படுத்தவென்றால் கணக்கே மாறும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் அந்த மருந்தைத் தொடர்வதில் பொருளில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் கீமோவால் பெரும்பாலும் நன்மையைவிடக் கெடுதலே அதிகம். இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் வராந்தாவில் தனியாகக் கேட்டு முடிக்கக்கூடாது. நோயாளிக்கு எதிரில் கேட்க வேண்டும், உடம்பு அவருடையது.

கீமோ நின்றால் வைத்தியம் நின்றது என்று பொருளில்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரை, மூச்சுமுட்டலுக்கும் புண்ணுக்கும் உரிய சிகிச்சை எல்லாம் தொடரும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். மார்ஃபின் எழுதித் தந்தால் அன்றே மலமிளக்கி மருந்தையும் கேட்டு வாங்குங்கள். வலி அடங்கியபின் நோயாளியைப் பெரும்பாலும் படுத்துவது மலச்சிக்கல்தான்.