கல்வானியம்: தவளைக்காலில் இருந்து ஜி.ஐ. பைப் வரை

ஆங்கிலத்தில் 'கால்வனிசம்'. உயிருள்ள உடலிலோ, இறந்து சற்று நேரமே ஆன உடலிலோ நரம்பு வழியே மின்சாரம் பாய்ச்சித் தசையை அசைய வைப்பது, அந்த அசைவுக்குக் காரணம் என்று நம்பப்பட்ட ஆற்றல் ஆகிய இரண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஒரே சொல்தான் வழங்கியது. பிண உறுப்புகளைச் சேர்த்து உயிரூட்டும் ஒருவனின் கதையான மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலைப் பற்றிப் பேசும்போது இதை 'மின்சாரம்' என்று பெயர்த்துவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் அந்தக் காலத்தின் வழக்கே மறைந்துபோகும்.

சொல்லின் மூலம் ஓர் ஆள்பெயர். லூயிஜி கல்வானி (1737–1798) இத்தாலியின் பொலோனாவில் உடற்கூறு கற்பித்தவர். இத்தாலிய ஒலிப்பில் முதல் அசை குறில், இரண்டாவது நெடில். நம் பாடநூல்களின் 'கால்வானி' ஆங்கிலம் வழியாக வந்தது. (தவளைக் காலை வைத்துப் பெயர் பெற்றவருக்குத் தமிழில் 'கால்' ஒட்டிக்கொண்டது தற்செயல்தான்.)

அவர் தவளையை இடுப்போடு வெட்டி, தோலை உரித்து, பின்னங்கால்களும் அவற்றுக்குச் செல்லும் நரம்பும் தண்டுவடத் துண்டும் மட்டும் மிஞ்சும்படி எடுத்துக்கொண்டார். பக்கத்தில் மின்பொறி எந்திரம் பொறி விட்ட நேரத்தில் கத்தி முனை நரம்பில் பட, கால் உதைத்தது. பிறகு எந்திரமே இல்லாமல், பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டபோதும் துடித்தது. விலங்கின் உடலுக்குள்ளேயே 'விலங்கு மின்சாரம்' ஊறுகிறது என்று 1791இல் எழுதினார். பாவியாவின் அலெஸாண்ட்ரோ வோல்டா ஏற்கவில்லை: மின்சாரம் தவளையில் இல்லை, இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொடுவதில் இருக்கிறது என்றார். அதை நிரூபிக்க அவர் அடுக்கிய துத்தநாக, வெள்ளித் தட்டுகளும் இடையே உப்புநீரில் நனைத்த அட்டையும்தான் 1800இல் முதல் பேட்டரி ஆனது. ஆனால் நரம்பை நேரே தசையில் தொட்டு, உலோகமே இல்லாமல் துடிப்பு வருவதைக் கல்வானி தரப்பு 1794இலேயே காட்டியிருந்தது. இருவர் சொன்னதிலும் பாதி உண்மை.

செத்த கால் ஏன் உதைக்கிறது? மூச்சு நின்றாலும் நரம்பு, தசைச் செல்களின் சவ்வுக்கு இருபுறமும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் ஏற்றத்தாழ்வு சிறிது நேரம் நீடிக்கும். மின்னோட்டம் பட்டதும் சவ்வின் வாயில்கள் திறந்து தசை சுருங்கும். உடல் விறைத்த பின் எவ்வளவு பாய்ச்சினாலும் ஒன்றும் நடக்காது. அதனால் இந்தச் சோதனைக்குப் புத்தம்புதிய பிணம் வேண்டும்.

நெறிமுறைச் சிக்கல் இங்கேதான். கல்வானியின் சகோதரி மகன் ஜொவான்னி அல்தீனி 1803 ஜனவரியில் லண்டனில், நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டர் என்பவரின் உடலை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் 40 துத்தநாகத் தட்டும் 40 செம்புத் தட்டும் கொண்ட மூன்று தொட்டிகளை இணைத்து மின்கலம் அமைத்தார். வாயிலும் காதிலும் கம்பி வைக்க, தாடை நடுங்கி ஒரு கண் திறந்தது. ஃபாஸ்டரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. கொலைக் குற்றவாளியின் உடலை அறுக்கக் கொடுப்பதையே தண்டனையின் பகுதியாக்கிய சட்டம் 1752 முதல் அங்கே இருந்தது. 1832இல் அது மாறியது. அதன்பின் மேசைக்கு வந்தவை யாரும் கேட்டு வராத ஏழைகளின் உடல்கள்.

ஒரு திருத்தம். கிளாஸ்கோவில் தூக்கிலிடப்பட்ட மாத்யூ கிளைட்ஸ்டேல் உடலில் வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் செய்த சோதனையைப் பார்த்துத்தான் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' பிறந்தது என்று சொல்வார்கள். நாவல் வந்தது 1818 ஜனவரி, அந்தச் சோதனை நடந்தது அதே ஆண்டு நவம்பர். அல்தீனி கதை பொருந்தும், யூர் கதை பொருந்தாது.

நாவலில் உயிரூட்டும் இடத்தில் மின்கலம், கம்பி, இடி வாங்கும் கூரை எதுவும் இல்லை. அங்கே 'உயிர்க் கருவிகள்', 'பொறி' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார் ஷெல்லி. கேட்பவன் அதே அழிவில் விழக்கூடாது என்று, உயிரூட்டிய விக்டர் வழிமுறையைச் சொல்ல மறுக்கிறான். எந்திரங்கள் நிறைந்த ஆய்வுக்கூடம் 1931 திரைப்படத்தின் கொடை. 'கல்வானியம்' என்ற சொல்லை 1831 பதிப்பில்தான் ஷெல்லி வெளிப்படையாக வைக்கிறார். அதன் முன்னுரையில் சொல்கிறார்: பிணம் மீண்டும் உயிர்பெறலாம், கல்வானியம் அதற்கு அறிகுறி காட்டியிருக்கிறது என்ற பேச்சு 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் எழுந்ததாக. அந்த வாக்கியத்தில் 'மின்சாரம்' என்று போட்டால் அறிவியல் உண்மைபோல் ஒலிக்கும். அது நிரூபணமாகாத கோட்பாடு. தசைத் துடிப்பை உயிர் என்று மயங்கியது. காந்தியம், மார்க்சியம் போலக் கொள்கையைக் குறிக்கும் '-இயம்' இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. முதல் இடத்தில் 'கல்வானியம் எனப்பட்ட உயிர்மின் கோட்பாடு' என்று விரித்துவிட்டு, பிறகு 'கல்வானியம்' என்றே எழுதலாம்.

மற்ற இடங்களில் வேறு சொல். மருத்துவத்தில் இன்றைய பொருளுக்கு 'உயிர்மின்னியல்'. சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கருவிக்குத் தமிழ்நாட்டில் 'கால்வனோமீட்டர்', இலங்கைப் பாடநூல்களில் 'கல்வனோமானி'. 'கால்வனைசிங்' என்பதற்கு 'நாகமுலாம் பூசுதல்'. கடையில் கேட்கும் 'ஜி.ஐ.' (கால்வனைஸ்டு அயர்ன்) பைப்பின் முதல் எழுத்தும் கல்வானிதான். ஆனால் அதில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரைந்து காக்கும் என்பதால் அந்தப் பெயர். அதே காரணத்தால்தான் ஜி.ஐ. பைப்பில் நேரே செம்புக் குழாயை இணைத்தால் மூட்டருகே துத்தநாகம் சீக்கிரம் தீர்ந்து துரு ஏறுகிறது. இடையில் மின்கடத்தா இணைப்பு போடவேண்டும்.