ஆராய்ச்சிப் பூங்காவா, ஆய்வுப்பேட்டையா?

பல்கலைக்கழகத்தை ஒட்டிய நிலத்தில் ஆய்வு நிறுவனங்களுக்கும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் இடம் ஒதுக்கும் ‘ரிசர்ச் பார்க்’ என்னும் அமைப்பைத் தமிழில் ‘ஆராய்ச்சிப் பூங்கா’ என்று எழுதுவது பழகிப்போய்விட்டது. நாளேட்டுச் செய்தியில் அதைக் கண்டும் காணாமல் கடந்துவிடலாம். ஆனால் ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் நிலத்தை எப்படிப் பகுக்கிறது என்று விளக்கும் எழுத்தில் இச்சொல் பொருளையே கெடுத்துவிடுகிறது.

‘பார்க்’ என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேட்டை விலங்குகளுக்கென வேலியிட்டு அடைத்த நிலமே அதன் முதற்பொருள். மக்கள் உலாவும் பசும்புல்வெளி பின்னர் வந்த பொருள். வண்டிகளை நிறுத்தும் ‘பார்க்கிங்’கும் இதே வேரில் கிளைத்ததுதான். அங்கே ‘நிறுத்துமிடம்’ என்று பொருளறிந்து பெயர்த்தவர்கள், ஆய்வு என்று வந்தவுடன் பூவைத் தேடிப் போனது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தமிழில் ‘கா’ என்றால் சோலை. பூங்கா பூக்கள் நிறைந்த சோலை. ஒதுக்கீடு, எல்லை, குத்தகை ஆகிய எதுவும் அச்சொல்லில் இல்லை.

இவ்வமைப்புக்கு முன்மாதிரியான கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு நிலம் ஏராளம். ஆனால் நிறுவனர் எழுதிவைத்த கொடைப் பத்திரத்தின்படி அதை விற்க முடியாது. எனவே 1951இல் பல்கலைக்கழகமும் நகராட்சியும் இணைந்து ஒரு பகுதியைத் தொழில் மனைகளாக வகுத்தன; பல்கலைக்கழகம் அவற்றை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. வேரியன் நிறுவனம் முதலில் வந்தது. ஹியூலெட் பேக்கர்டு பின்தொடர்ந்தது. பல்கலைக்கழகத்துக்குக் குத்தகைப் பணம் கிடைத்தது, நிலத்தைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்ட நகரத்துக்கு வரி கிடைத்தது. ‘இண்டஸ்ட்ரியல் பார்க்’ என்றிருந்த பெயர் பின்னாளில் ‘ரிசர்ச் பார்க்’ ஆயிற்று. இன்று அந்நகரின் நில வகைப்பாட்டுச் சட்டத்தில் அது தனியொரு மண்டலத்தின் பெயராகவே இருக்கிறது.

அதே நகரத்தில் உண்மையான பூங்காக்களும் உண்டு. பூங்கா நிலமென ஒருமுறை அர்ப்பணித்துவிட்டால், வாக்காளர்களின் ஒப்புதல் இல்லாமல் அதை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது என்பது அந்நகரின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தின் விதி. ஒரு பூங்காவில் வாக்காளர் ஒப்புதலின்றித் தொழிற்கட்டடம் எழுப்ப முடியாது, மற்றொரு பூங்காவில் எழுப்பத்தான் வேண்டும் என்று தமிழில் எழுதினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? தொழில் மனைகள் மலையடிவாரம் நோக்கி விரிவதை எதிர்த்துப் பசுமையைக் காக்க 1962இல் குடிமக்கள் குழு ஒன்று அங்கே உருவானது. நம் மொழிபெயர்ப்பில் அவர்கள் பூங்காவை எதிர்த்தவர்களாகிவிடுவார்கள்.

அவ்விடத்திலும் புல்வெளி இருக்கிறதே, புகைபோக்கி இல்லாத தாழ்ந்த கட்டடங்கள்தாமே என்று வாதிடுவோர் உண்டு. சாலையிலிருந்து விலகிக் கட்ட வேண்டும், மரம் நட வேண்டும் என்பனவெல்லாம் குத்தகையாளர்மேல் விதித்த கட்டுப்பாடுகள்; அவை நிலத்தின் தோற்றத்தைச் சொல்லுமே தவிர, அதன் பயனைச் சொல்லமாட்டா. ‘ஆய்வு வளாகம்’ என்ற மாற்றுச்சொல்லும் போதாது. வளாகம் என்றால் ஒரே நிறுவனத்தின் இடம் என்றுதான் மனத்தில் படும். பல்கலைக்கழக வளாகத்தோடு குழம்பவும் செய்யும்.

நான் முன்வைக்கும் சொல் ‘ஆய்வுப்பேட்டை’. நகரை ஒட்டி, ஒரு தொழிலுக்கோ வாணிகத்துக்கோ என வகுத்த இடமே பேட்டை. 1734இல் சென்னையில் சுங்குராமா என்னும் வணிகரின் தோட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. சின்னத்தறிப்பேட்டை என்பதன் மரூஉ அது என்பர். ஆட்சியாளர் நிலம் ஒதுக்கி, தொழில் வல்லோரை ஓரிடத்தில் சேர்த்த திட்டம் அது. தோட்டமாக இருந்தவரை தோட்டம் என்றும், தறி வந்தபின் பேட்டை என்றும் மக்கள் தெளிவாகவே வழங்கினர். 1958இல் கிண்டியில் அமைந்ததைத் தொழிற்பேட்டை என்று அழைத்தபோதும் அந்தத் தெளிவு இருந்தது. இப்போது அரசு அறிவிப்புகளிலேயே புதியவை ‘தொழிற்பூங்கா’ ஆகிவிட்டன. கையில் இருந்த நல்ல சொல்லை ஆங்கிலப் பலகையின் பொருட்டுக் கைவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பேட்டை என்றால் அடிதடி நினைவுக்கு வருகிறது, ஆய்வுக்கு அது மதிப்பாக இல்லை என்று சிலர் தயங்குகின்றனர். இராணிப்பேட்டை ஒரு மாவட்டத்தின் பெயர். அதனால் அம்மாவட்டத்தின் மதிப்பு எங்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் வழங்குவதால் தூய தமிழன்று என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உறவு மொழிகளில் இருப்பது ஒரு சொல்லுக்குக் குறையாகாது.

சென்னைத் தரமணியில் ஐ.ஐ.டி. நிறுவியதைப் போல, பெயராகவே நிலைத்துவிட்ட ‘ஆராய்ச்சிப் பூங்கா’க்களை அப்படியே எழுதலாம். பொதுச்சொல்லாக, குறிப்பாக நில வகைப்பாட்டையும் குத்தகையையும் பேசும் இடங்களில், ஆய்வுப்பேட்டை என்றே எழுத வேண்டும்.